ஒரு பலகைக்கு எத்தனை பேரு!



இந்த மாதம் "ஒரு சொல்லின் கதை" எழுத ஒன்பதாம் வகுப்புக்கு முறை வந்திருக்கிறது. என் வகுப்பில் எல்லோரும் ராக்கெட், கம்ப்யூட்டர் என்று பெரிய பெரிய சொல்லாக எடுத்தாங்க. நான் எடுத்த சொல் பெஞ்சு. சிரிக்காதீங்க. ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் நாம உட்கார்ந்திருப்பது அதில்தான். அதில் பேர் செதுக்கியிருக்கோம், மை ஊற்றியிருக்கோம், எல்லைக்கோடு போட்டுச் சண்டை பிடிச்சிருக்கோம். அதன் பேர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

முதலில் தமிழய்யாவிடம்தான் கேட்டேன். பெஞ்சுக்குத் தமிழில் விசிப்பலகை என்று ஒரு சொல் இருக்கிறது என்றார். விசுப்பலகை என்றும் சொல்வாங்களாம். மூணு கால் இருந்தால் முக்காலி, நாலு கால் இருந்தால் நாற்காலி. பெஞ்சுக்கும் நாலு கால்தான், ஆனால் அதை யாரும் நாற்காலி என்று சொல்வதில்லை. ஏன் ஐயா என்றேன். "நல்ல கேள்வி, போய் ஆங்கில டீச்சரைக் கேளு" என்று அனுப்பிவிட்டார்.

ஆங்கில டீச்சர் தன் வீட்டிலிருந்து தலையணை மாதிரி ஓர் அகராதி கொண்டுவந்து கொடுத்தாங்க. மூணு நாள் மதிய இடைவேளை அதிலேயே போயிற்று. பெஞ்ச் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே ஏறக்குறைய இதே சத்தத்தில் இருந்த சொல். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு எல்லாம் ஒரே குடும்பத்து மொழிகள், நம்ம தமிழ், மலையாளம், கன்னடம் மாதிரி. அந்தக் குடும்பம் முழுக்க இந்தச் சொல் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் பெஞ்சுக்குப் பேர் 'பாங்க்'. பணம் போடுகிற பேங்குக்கும் அங்கே 'பாங்க்'தான். ஒன்றைச் சொன்னால் இரண்டில் எது என்று தெரியாது. நிறையச் சொன்னால்தான் தெரியும். பல பெஞ்சுகள் என்றால் 'பெங்கெ', பல வங்கிகள் என்றால் 'பாங்கென்'.

பெஞ்சுக்கும் பேங்குக்கும் என்ன உறவு என்கிறீர்களா? ஜெர்மன் குடும்பத்து மக்கள் பழைய காலத்தில் இத்தாலிப் பக்கம் போனபோது இந்தச் சொல்லும் கூடவே போனது. இத்தாலியில் அது 'பாங்கோ', 'பாங்கா' என்று ஆகி, உட்காரும் பலகைக்கும் கடை வைக்கும் மேசைக்கும் பேரானது. அங்கே நகரத்துச் சந்தைகளில் பணம் மாற்றிக் கொடுப்பவர்கள் ஒரு பலகையைப் போட்டு அதில் காசைப் பரப்பி வைத்துத் தொழில் பண்ணுவாங்க. அந்தப் பலகையின் பேரே தொழிலுக்கும் பேராகி, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் 'பேங்க்' ஆனது. இங்கிலாந்தில் பெஞ்ச் ஏற்கெனவே இருந்தது. ஆக, வீட்டைவிட்டு வெளியூர் போன தம்பி பணக்காரனாகத் திரும்பி வந்து அண்ணன் பக்கத்திலேயே வீடு கட்டிய மாதிரிதான்.

கடன்பட்டு நொடித்துப் போனவரை ஆங்கிலத்தில் 'பேங்க்ரப்ட்' என்கிறார்களே, அது இத்தாலியில் 'பாங்கா ரோத்தா'. உடைந்த பலகை என்று பொருள். பணம் திருப்பிக் கொடுக்க முடியாதவரின் பலகையை உடைத்துப் போடுவார்கள் என்று அதற்கு ஒரு கதையும் சொல்வாங்க. கல்யாணப் பத்திரிகையில் 'பேங்க்வெட் ஹால்' என்று போடுகிறார்களே, அந்த பேங்க்வெட்டும் இதே வீட்டுப் பிள்ளைதான். 'பாங்கெத்தோ' என்றால் குட்டி பெஞ்சு. விருந்துக்கு அந்தப் பேர்.

இப்போது நான் சொல்லப்போவது அகராதியில் தேடிக் கண்டுபிடித்தது இல்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் கிடைத்தது (பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்). அவங்க குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம்ம ஒன்றியத்து மறுவாழ்வு முகாமில் இருக்காங்க. நாங்க இரண்டு பேர் அவள் வீட்டுக்குப் போனபோது அவளோட அம்மம்மா வாசலுக்கு வந்து, "வாங்கோ பிள்ளையள், அந்த வாங்கில இருங்கோ" என்றாங்க. என்கூட வந்தவள் "என்ன வாங்கணும் பாட்டி? கடைக்குப் போகணுமா?" என்று கேட்டாள். தோழிக்கு முகம் சுண்டிப் போச்சு. அவள் ஆறாம் வகுப்பில் நம்ம பள்ளிக்கு வந்து சேர்ந்த புதுசிலும் இப்படித்தான். "டீச்சர், நான் எந்த வாங்கில இருக்கிறது?" என்று கேட்டாள், வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. வீட்டில் மட்டும்தான்.

அந்த 'வாங்கு' என்னவென்று தெரியுமா? போர்ச்சுகீசியர் 1505-இல் இலங்கைக்கு வந்தார்கள். 1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் வந்து அவர்களை விரட்டும் வரைக்கும் அங்கே அவர்கள் ஆட்சிதான். போர்ச்சுகீசிய மொழியில் பெஞ்சுக்குப் பேர் 'பாங்கோ'. இத்தாலியில் பார்த்தோமே, அதே சொல். அதைத்தான் அங்கே உள்ள தமிழர்கள் வாங்கு என்று தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். நாம மட்டும் என்னவாம்? நம்ம மேசை, சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமே போர்ச்சுகீசியர் கொடுத்துவிட்டுப் போனதுதான். பேங்கை நாம வங்கி ஆக்கிவிட்டோம். ஆக, பெஞ்சு, பேங்க், வங்கி, வாங்கு நாலும் ஒரே பலகையில் உட்காருகிற சொற்கள். (பெண்கள் தோள்பட்டைக்குக் கீழே போடும் வங்கி என்ற நகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது வேற.)

நாற்காலியை அவங்க வீட்டில் கதிரை என்றுதான் சொல்வாங்க. அது போர்ச்சுகீசிய 'கதெய்ரா'. கிரேக்க மொழியில் 'கதெத்ரா' என்றால் இருக்கை. அது லத்தீனுக்குப் போய், ஒரு கிளை பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தில் 'சேர்' ஆனது. இன்னொரு கிளை போர்ச்சுகல் வழியாக யாழ்ப்பாணத்தில் கதிரை ஆனது. பிஷப்பின் நாற்காலி இருக்கும் தேவாலயம் 'கதீட்ரல்'. சென்னையில் கதீட்ரல் சாலை என்றே ஒன்று இருக்கிறதே. கிரேக்கச் சொல்லின் சத்தம் நம்ம 'சேர்' என்ற சொல்லைவிட என் தோழி சொல்லும் கதிரையில்தான் அதிகமாக மிச்சம் இருக்கிறது. 'இருங்கோ' என்றால் உட்காருங்கள். நாம 'இரு' என்றால் நில்லு, பொறு என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் புத்தகத்தில் 'இருக்கை' என்றுதானே எழுதுகிறோம்? அந்த 'இரு' உட்காருவதுதான் என்று தமிழய்யா சொன்னார். இதையெல்லாம் தோழியின் அம்மம்மாவிடம் போய்ச் சொன்னேன். "உதெல்லாம் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கினமோ?" என்று கேட்டுவிட்டு டீ போடப் போயிட்டாங்க.

பெஞ்சுக்கு வருகிறேன். உட்காரும் பலகையாக இருந்த சொல், யார் அதில் உட்கார்ந்தாங்களோ அவங்களுக்கே பேராகிவிட்டது. இங்கிலாந்தில் ராஜாவின் பேரில் நியாயம் சொன்ன நீதிமன்றம் 'கிங்ஸ் பெஞ்ச்'. ராணி ஆண்டால் 'குயின்ஸ் பெஞ்ச்'. 2022 செப்டம்பர் 8-ஆம் தேதி எலிசபெத் ராணி இறந்து சார்லஸ் ராஜா ஆனதும், எழுபது வருஷமாக 'குயின்ஸ் பெஞ்ச்' என்று இருந்தது மறுபடியும் 'கிங்ஸ் பெஞ்ச்' ஆகிவிட்டது. நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மதுரையில் ஒரு கிளை 2004 ஜூலை 24-ஆம் தேதி தொடங்கினாங்க. அதற்கு ஆங்கிலத்தில் 'மதுரை பெஞ்ச்'. இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தால் பேப்பரில் 'டிவிஷன் பெஞ்ச்' என்று போடுவாங்க, இல்லாவிட்டால் 'அமர்வு' என்று போடுவாங்க. அமர்வு என்றாலும் உட்காருவதுதான்.

லண்டன் பாராளுமன்றத்தின் கீழவையிலும் நாற்காலி இல்லை, பச்சைத் தோல் போட்ட நீள நீள பெஞ்சுகள்தான். முன் வரிசையில் மந்திரிகள். பின்னால் உள்ளவர்கள் 'பேக்பெஞ்சர்'. நம்ம வகுப்பில் கடைசி பெஞ்ச் என்று கேலி பண்ணுகிறோமே, அதே சொல்லால் அங்கே எம்.பி.க்களைச் சொல்கிறார்கள். இன்னொரு விஷயம். மொத்தம் 650 எம்.பி.க்கள், உட்கார இடம் 427 பேருக்குத்தான். முக்கியமான நாளில் மற்றவர்கள் நிற்கத்தான் வேணும். படித்துவிட்டு, நம்ம 8-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நிலம் அளப்பவர்கள் கல்லில் உளியால் ஒரு கிடைக்கோடு வெட்டி வைப்பார்கள். அந்த வெட்டில் ஓர் இரும்புத் தகட்டைச் செருகினால் அது குட்டி பெஞ்சு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் அளவுகோலை நிறுத்தி உயரம் பார்ப்பார்கள். 'பெஞ்ச் மார்க்' வந்தது அப்படித்தான். விளையாட்டில் ஆட்டத்தில் சேர்க்காமல் உட்கார வைத்தால் அதுவும் பெஞ்ச். எங்க தெரு அண்ணன் ஒருத்தர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கார். புது வேலை ஒப்படைக்கும் வரைக்கும் சும்மா இருப்பதை அங்கே 'பெஞ்சில் இருக்கேன்' என்பாங்களாம். அவர் போனில் அப்படிச் சொன்னதை அவங்க அம்மா கேட்டுவிட்டு, "எம்மவனுக்கு ஆபீஸ்ல தனி பெஞ்சு குடுத்திருக்காங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க!

நம்ம பள்ளிக்கூடத்தில்தான் பெஞ்சுக்கு இன்னொரு உபயோகம். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். உட்காரப் போட்ட பலகையில் நிற்பது தண்டனை. (எந்த டீச்சரையும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.)

இவ்வளவும் நோட்டில் எழுதி முடித்துப் பார்த்தால், எல்லாம் உட்கார்ந்தவங்க கதையாகவே இருக்கு. நீதிபதி, வட்டிக்காரர், மந்திரி. பேரெல்லாம் அவங்களுக்குத்தான். நிற்கிறவங்க கதை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அதற்குக் காரணம் எங்க அம்மா.

எங்க அம்மா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கறாங்க. காலையில் ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் நிற்கணும். சாப்பாட்டுக்கு அரை மணி. மீதி நேரம் ஆள் வந்தாலும் நிற்கணும், வராவிட்டாலும் நிற்கணும். சுவரில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டுச் சத்தம் போடுவாங்களாம். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினதும் அம்மா வீட்டுக்குள் வரமாட்டாங்க. வாசல்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவாங்க. நான் வெந்நீரில் கல்லுப்பு போட்டு வைப்பேன். காலில் பச்சை நரம்பு மண்புழு மாதிரி சுருண்டு சுருண்டு தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்றாங்க. அம்மா சிரித்தாங்க. "நின்னாத்தானே டாக்டரம்மா சம்பளம்" என்றாங்க.

தேடினதில் கிடைத்தது இது. பெஞ்ச் என்ற சொல் பிறந்த இங்கிலாந்தில் 1899-ஆம் வருஷமே ஒரு சட்டம் போட்டிருக்காங்க. கடையில் வேலை பார்க்கும் பெண்கள் மூணு பேருக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று. நம்ம நாட்டில் 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இடையில் உட்கார வசதி செய்து தரணும் என்று இருந்தது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடைக்கு இல்லை.

கடைக்கு முதலில் கேட்டது கேரளப் பெண்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று பெரிய கடைவீதி இருக்கிறது. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார இடமும் இல்லை, கழிப்பறையும் இல்லை. போக இடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலேயே இருப்பார்களாம். விஜி என்ற தையல்காரர் அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பு தொடங்கிப் போராடினார். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடைகளில் இருக்கை கட்டாயம் என்று ஆக்கியது. அந்த வருஷம் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜி பேரும் வந்தது. அப்புறம் 2021 செப்டம்பரில் நம்ம தமிழ்நாடு சட்டமன்றத்திலும் மசோதா வந்து நிறைவேறியது. எல்லாக் கடைகளிலும் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் அந்தச் சட்டம்.

1899-க்கும் 2021-க்கும் நடுவில் 122 வருஷம். பெஞ்சு என்ற பேர் கப்பலேறி நம்ம ஊருக்கு வந்தது. அந்த இங்கிலாந்துச் சட்டம் மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக நடந்து வந்தது என்று எனக்குக் கோபமாக வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. கடையில் யாருக்குமே தெரியாதாம். ஒரு மூலையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்திருக்கிறது, அதிலும் சூப்பர்வைசர் பில் புத்தகத்தை வைத்திருப்பாராம். நான் சட்டத்தின் பேரையும் வருஷத்தையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை நாலாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டாங்க. "இதை எடுத்து நீட்டினா நாளைக்கு வராதேன்னுடுவாங்கடி" என்றாங்க. ஒன்றரை மாதம் அது பர்ஸிலேயே இருந்தது. நானும் கேட்கவில்லை. அப்பா கட்டட வேலைக்கு வெளியூர் போனால் பணம் எப்போது வரும் என்று தெரியாது. அம்மா சம்பளத்தில்தான் தம்பிக்கும் எனக்கும் எல்லாம்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அம்மாகூட வேலை பார்க்கும் ஒரு அத்தை மயங்கி விழுந்துட்டாங்க. அவங்களுக்கு ஐம்பது வயசு இருக்கும். தண்ணீர் தெளித்து எழுப்பிய பிறகு உட்கார வைக்க இடம் இல்லாமல் சேலைக் கட்டின் மேல் உட்கார வைத்திருக்காங்க. அதற்கும் "சேலை கசங்குது" என்று ஒருத்தர் சொல்லியிருக்கார். அன்றைக்குத்தான் அம்மா அந்தத் தாளை வெளியே எடுத்திருக்காங்க. தனியாக இல்லை, சேலைப் பிரிவில் பதினோரு பேரும் சேர்ந்து போயிருக்காங்க. "கஸ்டமர் வரும்போது நீங்க உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்குமா?" என்று கேட்டார்களாம். அந்த மயங்கி விழுந்த அத்தை, "கஸ்டமரை நாங்க உக்காரச் சொல்றோம்ல, அவங்க எங்களை வேண்டாம்னா சொல்லுவாங்க?" என்று கேட்டிருக்காங்க. பதில் வரவில்லை.

நாலு நாள் கழித்து, குடோனில் கிடந்த ஒரு பழைய மர பெஞ்சைத் தூக்கிவந்து அலமாரிக்குப் பின்னால் போட்டாங்க. ஒரு கால் ஆடும், செங்கல் வைத்திருக்கு. முதல் நாள் பயத்தில் யாருமே உட்காரவில்லையாம். இரண்டாம் நாள் அந்த அத்தை உட்கார்ந்திருக்காங்க. அப்புறம் ஒவ்வொருத்தராக. மூணு பேர் உட்காரலாம், நெருக்கி உட்கார்ந்தால் நாலு. பதினோரு பேரும் ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று முறை வைத்திருக்காங்க. சட்டம் சொன்ன மாதிரி எல்லோருக்கும் இருக்கை இன்னும் வரவில்லை. ஆனாலும் அம்மா இப்போ ராத்திரி வந்ததும் நேராக உள்ளே வந்துடறாங்க. கால் நரம்பு அப்படியேதான் இருக்கு, அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க. தை மாதம் கூட்டிப் போவதாக அப்பா சொல்லியிருக்கார்.

தோழியின் அம்மம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "பதினொரு பேருக்கு ஒரு வாங்கு காணுமே?" என்று கேட்டாங்க. காணுமே என்றால் அவங்க பேச்சில் போதுமா என்று அர்த்தம். போதாது அம்மம்மா என்று சொன்னேன்.

இன்னும் சொல்ல இருக்கு, ஆனால் சார்ட் பேப்பர் முடிந்துவிட்டது. கீழே படம் வரையக்கூட இடம் இல்லை. உங்க வீட்டில் தாத்தா பாட்டி யாராவது பெஞ்சுக்கு வேறு பேர் சொன்னால் ஒரு துண்டுத் தாளில் எழுதி எங்க வகுப்பில் கொடுங்கள். அடுத்த மாதம் எழுதப்போவது பத்தாம் வகுப்பு அக்கா, சொல் 'குடை' என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி, மூன்றாவது பெஞ்ச்